பெருவிரலைத் தாண்டிய கவுட்: எக்ஸ்ரே அறையில் கேட்கப்படும் கேள்விகள்

நான் எக்ஸ்ரே, சி.ரி. எடுக்கிறவள். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலும் வேலை செய்திருக்கிறேன். நோயாளியை மேசையில் படுக்கவைத்து, "அசையாமல் இருங்கோ" என்று சொல்லிவிட்டு நான் கண்ணாடிக்குப் பின்னால் போவதற்குள் ஒரு கேள்வி வரும். படம் எடுத்து முடிந்து செருப்பைத் தேடும்போது இன்னொன்று வரும். கவுட் பற்றிய கேள்விகள் ஆள் மாறினாலும் மாறாமல் வந்துகொண்டே இருந்ததால் எழுதிவைக்கத் தொடங்கினேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

நான் டொக்டர் இல்லை. உங்களுக்கு வந்திருப்பது இன்ன வருத்தம் என்று சொல்வது என் வேலையும் இல்லை. எந்தப் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த விஷயம். அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

"கவுட் எண்டா கால் பெருவிரல்லதானே வரும் மிஸ்? எங்கட அப்பாக்கு மணிக்கட்டில எண்டு சொல்றாங்களே?"

யூரிக் அசிட் உப்பாகி, ஊசி ஊசியான படிகங்களாக மூட்டில் படிவதுதான் கவுட். இரத்தத்தில் அதன் அளவு டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் கரைந்தபடி நிற்க அதற்கு இடமில்லாமல் போகிறது. குளிர்ந்த இடத்தில் இன்னும் குறைவாகவே கரையும். உடம்பில் குளிர்ந்த மூலை கால் நுனி. போதாததற்கு நடக்கிற ஒவ்வொரு அடியும் பெருவிரல் மூட்டில்தான் விழுகிறது. அதனால் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

அங்கேயே நிற்கும் என்று சட்டம் இல்லை. பாதத்தின் நடுப்பகுதி, கணுக்கால், முழங்கால் எல்லாம் அடிக்கடி காண்பவை. மணிக்கட்டு, முழங்கை, கைவிரல்கள் அதற்கு அடுத்தபடி. தோள், இடுப்பு, முள்ளந்தண்டு, நாரிக்குக் (முதுகின் அடிப்பகுதிக்குக்) கீழே இடுப்பெலும்போடு சேரும் மூட்டு, காறையெலும்பு நெஞ்செலும்பில் பொருந்தும் இடம், தாடை மூட்டு ஆகியவை அரிது. அரிது என்றால் வராது என்று அர்த்தமில்லை, யாரும் முதலில் நினைக்கமாட்டார்கள் என்று அர்த்தம். ஏற்கெனவே தேய்ந்த, அடிபட்ட மூட்டுகளில் படிகம் சுலபமாக ஒட்டிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். பின்னால் இரண்டு மூன்று இடத்தில் இது தேவைப்படும்.

"ரத்தத்தில யூரிக் அசிட் கூட எண்டு வந்திட்டு. அப்ப கவுட்தானே? ஸ்கேன் என்னத்துக்கு?"

யூரிக் அசிட் கூடியவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையும் கவுட் வருவதில்லை. அந்த எண்ணை வைத்துக்கொண்டு தோள் நோவுக்கும் கழுத்து நோவுக்கும் கவுட் என்று பெயர் வைத்தால், உண்மையான காரணம் பக்கத்தில் ஒளிந்துகொள்ளும்.

மற்றப் பக்கமும் உண்டு. மூட்டு வீங்கி எரிகிற அந்த நாட்களில் இரத்த அளவு சில பேருக்கு இறங்கி, சாதாரணமாகக் காட்டும். அப்போது எடுத்த ரிப்போட்டைக் காட்டி "எனக்குக் கவுட் இல்லை" என்று சொல்லிவிட முடியாது. வீக்கம் வற்றி இரண்டு கிழமையாவது போனபிறகு திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள்.

அலகையும் பாருங்கள். ஒரு ஆய்வுகூடம் 6.8 என்று எழுதும், இன்னொன்று அதே அளவை 404 மைக்ரோமோல் என்று எழுதும். "போன மாசம் ஏழு, இந்த மாசம் நானூறு" என்று பயந்து வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். உண்மையில் அவர்களுக்குக் கொஞ்சம் குறைந்துதான் இருந்தது.

"எக்ஸ்ரேல ஒண்டுமில்லை எண்டு சொல்லிட்டாங்க. அப்ப கவுட் இல்லைத்தானே?"

இந்தக் கேள்விக்குத்தான் அதிக தடவை பதில் சொல்லியிருக்கிறேன். இல்லை, அப்படி முடிவு எடுக்க ஏலாது. யூரிக் அசிட் படிகம் எக்ஸ்ரேயில் தெரியாது. எக்ஸ்ரே காட்டுவது எலும்பு. படிகம் பல வருடங்கள் உட்கார்ந்து எலும்பை அரித்த பிறகுதான் அந்த அரிப்பு தெரியும். முதல் தடவை வீங்கியவருக்கு எடுத்தால் சதை வீக்கம் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் சுத்தமாக இருக்கும்.

பிறகு ஏன் எடுக்கிறார்கள்? முறிவு இல்லை, வேறு எலும்பு வருத்தம் இல்லை என்று பார்க்க. பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்கப் படம் வேண்டும் என்பதற்காகவும்.

"அப்ப பழைய கவுட்ட எக்ஸ்ரேல எப்பிடிக் கண்டுபிடிக்கிற?"

எலும்பின் ஓரத்தில் எலி கடித்தது போல ஒரு வட்டப் பள்ளம் இருக்கும். விளிம்பு மங்கலாக இல்லாமல் வெட்டி எடுத்த மாதிரித் தெளிவாகத் தெரியும். பள்ளத்தின் மேல் ஓரத்தில் எலும்பு சின்னதாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், ஓலை வீட்டின் இறவாரம் சுவரைத் தாண்டி நிற்பது போல. பக்கத்துச் சதையில் யூரிக் அசிட் உப்பு சேர்ந்து உருண்ட கட்டி இருந்தால் அது மங்கலான நிழலாக விழும்.

இவ்வளவு அரித்தும் இரண்டு எலும்புகளுக்கும் இடையிலான வெளி நீண்ட காலம் குறையாமல் இருக்கும். மூட்டுகளைத் தாக்குகிற இன்னொரு வருத்தமான முடக்குவாதத்தில் அந்த வெளி சீக்கிரமே ஒடுங்கும், சுற்றியுள்ள எலும்பும் அடர்த்தி குறைந்து தெரியும். மணிக்கட்டு, விரல் படங்களில் கதிரியக்க நிபுணர் இந்த வித்தியாசத்தைத்தான் தேடுவார்.

"பிள்ளை பாக்கிற ஸ்கேனாலயா முழங்காலப் பாக்கிற?"

ஓம், அல்ட்ராசவுண்ட். இயந்திரம் அதே வகைதான், கையில் பிடிக்கிற கருவி வேறு. மேலோட்டமான இடத்தை நுணுக்கமாகப் பார்க்கிற கருவியை மூட்டுக்கு வைப்பார்கள். கதிர் இல்லை, ஊசி இல்லை, செலவும் ஒப்பீட்டளவில் குறைவு. எக்ஸ்ரேயை விட முன்கூட்டியே படிகத்தைக் காட்டக்கூடியது.

மூட்டுக்குள் எலும்பின் நுனியைக் குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். ஸ்கேனில் எலும்பு ஒரு வெள்ளைக் கோடு, அதன் மேல் குருத்தெலும்பு கறுப்புப் பட்டை. யூரிக் அசிட் படிகம் அந்தப் பட்டையின் மேற்பரப்பில் மா தூவியது போலப் படியும்போது இன்னொரு வெள்ளைக் கோடு வரும். ரிப்போட்டில் இரட்டைக் கோடு என்று எழுதுவது அதைத்தான். மூட்டு நீரில் மினுங்குகிற துகள்கள், தசையை எலும்போடு பிணைக்கிற நாணிலும் மூட்டோரத்திலும் வெள்ளைத் திட்டுகள் ஆகியவையும் தெரியலாம். குதிக்கால் நாண், முழங்கால் சிரட்டைக்குக் கீழே உள்ள நாண் போன்ற இடங்களில் கவுட் ஒளிந்திருந்தால் இந்த ஸ்கேன் நல்லாகவே பிடிக்கும்.

எலும்புக்குப் பின்னால் இதனால் பார்க்க ஏலாது. முள்ளந்தண்டின் உட்பகுதிக்கு இது உதவாது. பார்க்கிறவரின் கைப்பழக்கத்திலும் நிறையத் தங்கியிருக்கிறது.

"எனக்கு எழுதித் தந்தது பொய்க் கவுட் எண்டு. பொய் எண்டா வருத்தமே இல்லையா?"

வருத்தம் உண்மை, நோவும் உண்மை. படிகம்தான் வேறு. இது கல்சியம் உப்புப் படிகம். வயது போனவர்களின் முழங்காலிலும் மணிக்கட்டிலும் கூடுதலாக வரும். வெளியில் இருந்து பார்த்தால் கவுட் மாதிரியே சிவந்து வீங்கும்.

மேலே சொன்ன இரட்டைக் கோட்டை வைத்துப் புரிந்துகொள்ளுங்கள். யூரிக் அசிட் குருத்தெலும்பின் மேலே படியும். கல்சியம் அதன் உள்ளே, நடுவில் படியும். எக்ஸ்ரேயிலும் கல்சியம் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிவதுண்டு. வெறும் படிகத்தை எக்ஸ்ரே காட்டாது என்று முதலில் சொன்னது யூரிக் அசிட்டுக்கு மட்டும். இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் பிரித்தறிவது முக்கியம்.

"டுவல் எனர்ஜி சி.ரி. எடுக்கச் சொன்னாங்க. சாதாரண சி.ரி.க்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?"

சாதாரண சி.ரி.யில் ஒரே வலுவுள்ள கதிர் போகும். இதில் இரண்டு வலுவுள்ள கதிர்கள் போகும், உதாரணமாக 80 கிலோவோல்ட் ஒன்று, 140 கிலோவோல்ட் ஒன்று. ஒவ்வொரு பொருளும் இந்த இரண்டையும் வேறு வேறு விகிதத்தில் உறிஞ்சும். கல்சியம் உறிஞ்சும் விதம் ஒன்று, யூரிக் அசிட் உப்பு உறிஞ்சும் விதம் இன்னொன்று. கணினி இரண்டையும் ஒப்பிட்டு, யூரிக் அசிட் உள்ள இடத்துக்கு நிறம் பூசித் தரும். பெரும்பாலும் பச்சை. நீங்கள் வட்ஸ்அப்பில் பார்த்த பச்சைப் பாதம் அதுதான். உங்கள் எலும்பு பச்சையாக மாறவில்லை.

எல்லா சி.ரி. இயந்திரத்திலும் இது முடியாது. முடிகிற இயந்திரத்திலும் பெரும்பாலும் அதற்கென்று தனியாகச் செட் பண்ணி எடுக்கவேண்டும். பெரும்பாலான இயந்திரங்களில், சாதாரணமாக எடுத்து முடித்த படத்தில் இருந்து பச்சையைப் பிறகு வரவழைக்க ஏலாது. பொத்துவிலில் இருந்து மட்டக்களப்புக்கே நூறு கிலோமீற்றருக்கு மேல், கொழும்பு என்றால் ஒரு இரவுப் பயணம். புறப்படும் முன் தொலைபேசியில், "கவுட்டுக்கு டுவல் எனர்ஜி எடுப்பீங்களா?" என்று இதே சொற்களில் கேளுங்கள். "சி.ரி. இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்பார்கள். போய் நின்ற பிறகுதான் தெரியும்.

"அவ்வளவு செலவழிச்சு எடுத்தும் பச்சை ஒண்டும் வரல்ல. அப்ப கவுட் இல்லைத்தானே?"

பழைய, கட்டி விழுந்த கவுட்டாக இருந்தால் அந்தப் பதிலை ஓரளவு நம்பலாம். முதல் தடவை வீங்கி, அதுவும் ஆறு கிழமைக்குள் எடுத்தது என்றால் நம்பக்கூடாது. அப்படிப்பட்டவர்களில் பாதியளவு பேரைக்கூட இந்தப் படம் தவறவிடலாம், ஏனென்றால் கணினி நிறம் பூசுகிற அளவுக்குப் படிகம் சேர்ந்திருக்காது. 2 மில்லிமீற்றரிலும் சின்னப் படிவுகளை இது காண்பதில்லை.

"எனக்குக் குதிக்கால், நகம் எல்லாம் பச்சை. கால் முழுக்கக் கவுட்டா?"

தடித்த தோலும் நகமும் கவுட் இல்லாதவருக்கும் பச்சையாகக் காட்டும். வெறுங்காலோடு வயலிலும் மணலிலும் ஐம்பது வருடம் நடந்த குதிக்கால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இயந்திரத்துக்கு அது தெரியாது. உள்ளே கம்பி, தகடு வைத்திருந்தாலும், எடுக்கும்போது அசைந்தாலும் பொய்ப் பச்சை விழும். படத்தைப் பார்க்கிற நிபுணர் இவற்றைக் கழித்துத்தான் எழுதுவார். படத்தை மட்டும் வைத்து வீட்டில் முடிவெடுக்காதீர்கள்.

"மூணு மாசமா நாரி நோவு. முள்ளந்தண்டிலயும் கவுட் வருமா மிஸ்?"

வரும். அரிதுதான். முள்ளந்தண்டில் வந்தால் நாரிப் பகுதியில்தான் கூடுதலாகக் காண்கிறார்கள். முள்ளெலும்புகளை இணைக்கிற சின்ன மூட்டுகளிலும் இடைத்தட்டிலும் படியும், நரம்பை அழுத்தினால் கால் விறைக்கும், பெலன் குறையும். முள்ளந்தண்டு குளிர்ந்த இடம் இல்லையே என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. மேலே சொன்ன தேய்மானம்தான் அங்கே வழிவிடுகிறது. ஆனால் நாரி நோவு உள்ள எல்லோரும் கவுட்டைத் தேடி ஓடவேண்டாம். பல வருடக் கவுட், கட்டிகள், சிறுநீரக வருத்தம் போன்றவை கூட இருந்தால்தான் அந்தப் பக்கம் யோசிப்பார்கள்.

இங்கே ஆபத்து என்னவென்றால், எம்.ஆர்.ஐ.யில் இது கிருமித் தொற்று மாதிரியும் தெரியும், புற்றுக்கட்டி மாதிரியும் தெரியும். நம் பகுதியில் முள்ளந்தண்டுக் காசநோயும் நினைவில் இருக்கவேண்டிய ஒன்று. அதிலும் ஒரு சிக்கல்: காசநோய்க்குக் கொடுக்கிற பைரசினமைட் என்ற மாத்திரை யூரிக் அசிட்டை ஏற்றும். ஆகவே காசநோய் மருந்து குடிக்கிறவரின் இரத்தத்தில் யூரிக் அசிட் கூடியிருப்பதை வைத்து "நாரியில் இருப்பதும் கவுட்தான்" என்று சொல்ல முடியாது. டுவல் எனர்ஜி சி.ரி. இங்கேதான் உண்மையில் கைகொடுக்கிறது. அதோடும் தீராவிட்டால் ஊசியால் ஒரு துண்டுச் சதை எடுத்துப் பார்ப்பார்கள். அந்தத் துண்டை வழமை போல ஃபோமலினில் போட்டால் படிகம் கரைந்துவிடும். அல்ககோலில் அனுப்பவேண்டும். கவுட் சந்தேகம் என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால்தான் அது நடக்கும்.

ஒரு முறை வாவியில் தொழில் செய்கிற ஐயா ஒருவர் முள்ளந்தண்டுப் படத்துக்கு வந்தார். டொக்டர் எழுதித் தந்த துண்டில் "கட்டியா?" என்று மட்டும் இருந்தது. நீளக் கை சேட்டைக் கழற்றச் சொன்னேன். இரண்டு முழங்கையிலும் புளியங்கொட்டை அளவில் கட்டிகள், காது மடலில் வெள்ளையாக ஒன்று. "இது எவ்வளவு காலம் ஐயா?" என்றேன். "அது பழசு மகள், அது நோகாது, அதனால சொல்லல்ல" என்றார். நிபுணரிடம் போய்ச் சொன்னேன், அவர் எடுக்கிற முறையையே மாற்றச் சொன்னார். அன்றிலிருந்து யாருடைய நாரியைப் படம் எடுத்தாலும் முழங்கையையும் காதையும் ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.

"எம்.ஆர்.ஐ.தானே எல்லாத்திலயும் பெரிய ஸ்கேன்? நேரா அதையே எடுத்தா என்ன?"

பெரிய இயந்திரம், பெரிய சத்தம், பெரிய பில். ஆனால் கவுட்டுக்கென்று அதில் தனி அடையாளம் இல்லை. வீக்கம், நீர், எலும்புக்குள் ஈரம், நரம்பு அழுத்தம் எல்லாவற்றையும் அருமையாகக் காட்டும். அந்தக் கட்டி எதனால் ஆனது என்று சொல்லாது. நரம்பு நசிகிறதா என்று பார்க்கத்தான் அது வேண்டும்.

"தோள், தாடை எல்லாம் நோகுது. எல்லாத்தையும் ஒரேயடியா ஸ்கேன் பண்ணலாமா?"

வேண்டாம். நோகிற மூட்டையும், டொக்டர் சந்தேகப்படுகிற ஒன்றிரண்டு மூட்டையும் எடுத்தால் போதும். சில வேளை நோகாத பாதத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்வார்கள், அதற்குக் காரணம் உண்டு. தோளில் தெளிவாகத் தெரியாத படிகம் பெருவிரலில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அங்கே கண்டால் தோள் பற்றிய சந்தேகத்துக்குப் பலம் கூடும். ஆனால் அது தோளுக்கான அத்தாட்சி ஆகாது.

"எங்கட அம்மம்மாக்கு விரல் நுனி முட்டு வீங்கி வெள்ளையா ஏதோ வருது. வயசு போனா வாறதுதானே?"

வயதுக்கு வருகிற தேய்மான முடிச்சுகள் விரல் நுனி மூட்டில் சாதாரணம். அந்த முடிச்சுக்குள்ளேயே கவுட்டும் குடிபுகும். முக்கியமாக, பிரஷருக்கோ இதயத்துக்கோ நீர் போகிற மாத்திரை பல வருடம் குடித்த வயதான பெண்களுக்கு. அவர்களில் சிலருக்குப் பெருவிரல் ஒரு நாளும் வீங்கியிருக்காது, முதல் இடமே கைவிரல்தான். கிளினிக் கொப்பியைக் கொண்டு வாருங்கள், மாத்திரைப் பெயர் அதில்தான் இருக்கிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வெள்ளையாக வருவதை ஊசியால் குத்தி வெளியே எடுக்கவும் வேண்டாம்.

"ஸ்கேன்ல தெரிஞ்சிட்டுத்தானே, பிறகு ஏன் முழங்காலுக்குள்ள ஊசி குத்தி நீர் எடுக்கிற?"

மூட்டு நீரில் படிகத்தை நேரில் காண்பதுதான் இன்றைக்கும் உறுதியான அத்தாட்சி. 1961ஆம் ஆண்டு மக்கார்ட்டி, ஹொலண்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் முனைவாக்கிய (ஒரே திசையில் மட்டும் அதிரும்) ஒளி நுணுக்குக்காட்டியில் மூட்டு நீரை வைத்து இதைக் காட்டினார்கள். யூரிக் அசிட் ஊசிகள் ஒரு பக்கம் பார்த்துக் கிடந்தால் மஞ்சளாகவும், திருப்பினால் நீலமாகவும் மினுங்கும். பொய்க் கவுட்டின் படிகங்கள் அப்படியே மறுதலை. நீர் எடுக்க முடியாத மூட்டுகளில், முள்ளந்தண்டு மாதிரி இடங்களில்தான் படம் அந்த இடத்தைப் பிடிக்கிறது.

இன்னொரு காரணம் கிருமி. சூடாக, சிவந்து, நோகிற ஒரு மூட்டு கவுட்டாகவும் இருக்கலாம், சீழாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே மூட்டில் ஒன்றாகவும் இருக்கலாம், அதனால் பச்சை நிறம் கண்டவுடன் கிருமி இல்லை என்று ஆகிவிடாது. எங்கள் பக்கத்தில் மெலியோய்டோசிஸ் என்று ஒரு தொற்று இருக்கிறது. வயல் மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் இருக்கிற பக்டீரியா, மழைக்காலத்தில் கூடும், சீனி வருத்தக்காரரைத் தேடிப் பிடிக்கும், மூட்டையும் தாக்கும். வரம்பு கட்டிய கையோடு காய்ச்சலும் முழங்கால் வீக்கமுமாக வருகிற விவசாயிக்கு, நீரைச் சோதிக்காமல் கவுட் என்று ஸ்டீரொய்ட் ஊசி போட்டால் நிலைமை மோசமாகும். காய்ச்சல், நடுக்கம் இருந்தால் ஸ்கேன் திகதிக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"சிக்குன்குனியாவுக்குப் பிறகுதான் எனக்கு மூட்டு நோவு. அதுவும் கவுட்டா?"

2006 கடைசியில் கல்முனை, மட்டக்களப்புப் பக்கம் சிக்குன்குனியா அடித்தபோது பலருக்கு மாதக்கணக்கில் மூட்டு நொந்தது. அது பெரும்பாலும் இரண்டு பக்கமும், பல மூட்டுகளில், இழுபட்டுக்கொண்டே இருக்கும். கவுட் ஒரு மூட்டில், ராத்திரி படுத்துக் காலையில் எழும்பும்போது உச்சத்தில் நிற்கும், ஒன்றிரண்டு கிழமையில் தானாக வற்றும், பிறகு திரும்ப வரும். இந்தக் கதையைத் திகதியோடு சொன்னாலே டொக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

"வாப்பாக்குக் கிட்னி பழுது. டை ஏத்தி ஸ்கேன் எடுத்தா இன்னும் பழுதாகுமே?"

கவுட் பார்க்க எடுக்கிற டுவல் எனர்ஜி சி.ரி.க்கு டை, அதாவது படம் தெளிவாகத் தெரிய ஊசியால் ஏற்றுகிற மருந்து, தேவையில்லை. வெறுவயிற்றோடு வரவும் தேவையில்லை. எம்.ஆர்.ஐ.க்குச் சில வேளை மருந்து ஏற்றுவார்கள், சிறுநீரக வருத்தம் இருப்பதை அங்கே மறக்காமல் சொல்லுங்கள். சிறுநீரகம் பழுதானால் யூரிக் அசிட் வெளியே போவதும் குறையும், ஆகவே இந்த இரண்டு வருத்தமும் ஒன்றாக வருவது வழமை. அம்பாறை மாவட்டத்தில் தெஹியத்தகண்டிய போன்ற பக்கங்களில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிறது, அங்கிருந்து வருகிறவர்களிடம் நான் கேட்காமல் விடுவதில்லை.

பாமசியில் தானாக வாங்கிக் குடிக்கிற டைக்குளோஃபெனக் மாத்திரைதான் இந்த வாப்பாமாரின் சிறுநீரகத்துக்கு என்னுடைய இயந்திரத்தை விட ஆபத்து.

"இவ்வளவு எக்ஸ்ரே, சி.ரி. எடுத்தா கதிர் உடம்பில தங்காதா?"

தங்காது. லைட்டை அணைத்தால் வெளிச்சம் இல்லாமல் போகிற மாதிரி, சுவிட்சை விட்டதும் கதிர் நின்றுவிடும். கை, கால் படங்களில் கதிர் அளவும் குறைவு. நாரிக்கு எடுத்தால் கூடும், அதனால் காரணம் இல்லாமல் எடுக்கமாட்டார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கக்கூடும் என்றால் அறைக்குள் வரும் முன் சொல்லுங்கள்.

"இன்ரநெற்றில புள்ளி போட்டுப் பாத்தன், 8 வரல்ல. அப்ப எனக்கு இல்லைத்தானே?"

நீங்கள் பார்த்தது 2015இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட முறை. அதிகபட்சம் 23 புள்ளி, 8 எடுத்தால் கவுட் என்று வகைப்படுத்தலாம். ஸ்கேனில் இரட்டைக் கோடோ டுவல் எனர்ஜியில் படிகமோ கண்டால் 4. கை, கால் எக்ஸ்ரேயில் அந்த எலி கடித்த பள்ளம் இருந்தால் 4. யூரிக் அசிட் 10 அல்லது அதற்கு மேல் என்றால் 4, மாறாக 4க்குக் குறைவென்றால் நான்கைக் கழிக்கவேண்டும். மூட்டு நீரில் படிகத்தையே கண்டுவிட்டால் புள்ளி எண்ணத் தேவையே இல்லை.

இது ஆராய்ச்சிக்கு ஆட்களைச் சேர்க்கச் செய்த அளவுகோல். கை கால் பக்கத்து மூட்டு ஒன்றோ, முழங்கையில் இருக்கிற மாதிரி ஒரு நீர்ப்பையோ ஒரு தடவையாவது வீங்கியோ நொந்தோ இருந்தால்தான் கணக்கே தொடங்கும். முள்ளந்தண்டில் மட்டும் கவுட் உள்ளவருக்கு வாசலிலேயே இடம் கிடைக்காது. பெருவிரலுக்கு 2 புள்ளி, கணுக்காலுக்கும் பாதத்தின் நடுப்பகுதிக்கும் 1, மணிக்கட்டுக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் இந்தப் பக்கத்தை வாசிப்பதே பெருவிரலுக்கு வெளியே நோகிறது என்பதால்தான், அந்தக் கணக்கு உங்களுக்குக் குறைத்துத்தான் போடும்.

"மருந்து தொடங்கி ஒரு வருசம். திரும்ப ஸ்கேன் எடுக்கணுமா? அதுக்கு முதல் மருந்த நிப்பாட்டணுமா?"

நிப்பாட்ட வேண்டாம். யூரிக் அசிட்டை 6க்குக் கீழே பிடித்து வைத்தால் படிகம் மெல்ல மெல்லக் கரையும். இரட்டைக் கோடு மறையும், பச்சை சுருங்கும். கட்டி பெரிதென்றால் வருடக்கணக்காகும். பெரும்பாலானோருக்கு இரத்தப் பரிசோதனையே போதும். நரம்புக்குப் பக்கத்தில் படிவு இருந்தவர்களுக்கு அல்லது நோவு குறையாதவர்களுக்குத் திரும்பப் படம் கேட்பார்கள். எடுத்தால் முந்தி எடுத்த அதே மூட்டை, முடிந்தால் அதே இயந்திரத்தில் எடுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிடுவது சிரமம்.

"துண்டில டொக்டர் 'முழங்கை எக்ஸ்ரே' எண்டு மட்டும் எழுதினவர். நாங்க வேறென்ன சொல்லணும்?"

நாரியோடு வந்த ஐயாவை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்ட கேள்விக்குத்தான் படம் பதில் சொல்லும். துண்டில் "கவுட்டா?" என்ற ஒரு சொல் இருந்தால் நான் எடுக்கிற கோணமும், நிபுணர் தேடுகிற இடமும், சதையை அனுப்புகிற போத்தலும் மாறும். எழுதியிருக்காவிட்டால் டொக்டரிடம் திரும்பக் கேளுங்கள், கோபிக்கமாட்டார். மூட்டு முதலில் வீங்கிய மாதம், அதற்கு முன் எந்த மூட்டு வீங்கியது, சிறுநீரகம், சீனி, பிரஷர் மாத்திரை, காசநோய் மருந்து குடித்தீர்களா, நோகாத கட்டி எங்காவது இருக்கிறதா, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள்.

பழைய ரிப்போட்டை மட்டும் கொண்டுவராமல் பழைய படத்தையும் கொண்டு வாருங்கள். சீடியில் தந்திருந்தால் சீடி. படத் தாளை நான்காக மடித்துக் கொண்டுவருகிறார்கள். மடிப்பு விழுகிற இடம் எப்போதும் மூட்டின் மேல்தான்.